ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட பீல்டு மார்ஷல் பவுலஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஸ்டாலின்கிராட் வந்துவிடும். ஸ்டாலின்கிராட் வந்தால் பின்னாலேயே பவுலஸும் வந்துவிடுவார். அப்புறம் கேள்விகளும் மாறுவதே இல்லை: ஏன் தப்பித்து வரவில்லை, ஏன் சாகவில்லை, ஏன் ரஷ்யர்கள் பக்கம் போனார். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை கடைசியில்.

1. யார் சார் இந்த பவுலஸ்? ரோம்மலைத் தெரியும், இவரைத் தெரியாதே.

ஃபிரீட்ரிக் பவுலஸ், ஜெர்மனியின் ஆறாவது படைக்குத் தளபதி. சோவியத் நாட்டில் வோல்கா ஆற்றங்கரையில் இருந்த ஸ்டாலின்கிராட் நகரத்தைப் பிடிக்க 1942 கோடையில் போன படை அதுதான். நவம்பரில் அந்தப் படை முழுவதும் சுற்றி வளைக்கப்பட்டது. 1943 ஜனவரி 31 அன்று பவுலஸ் பிடிபட்டார். அதற்கு முந்தின நாள்தான் ஹிட்லர் அவரை பீல்டு மார்ஷலாக உயர்த்தியிருந்தார்.

அதன்பின் பத்தாண்டுக்கும் மேல் சோவியத் காவல். நடுவில், நாஜித் தலைவர்கள் மீது போருக்குப் பின் நடந்த நூரம்பர்க் விசாரணையில் சாட்சி. கடைசி மூன்று வருடம் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் வாழ்ந்து, 1957-ல் அங்கேயே இறந்தார்.

2. 'வான் பவுலஸ்' என்றுதானே படித்திருக்கிறேன்? பெரிய பிரபுக் குடும்பமோ?

இல்லை. 'வான்' என்பது ஜெர்மனியில் பிரபு வம்சத்தாரின் பெயரில் வருவது. பவுலஸுக்கு அது கிடையாது. இன்றும் பல புத்தகங்களில் இந்தப் பிழை தொடர்கிறது. 1890-ல் ஹெஸ்ஸே பகுதியில் உள்ள குக்ஸ்ஹாகன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசுச் சீர்திருத்தச் சிறை ஒன்றில் கணக்குப் பார்த்தவர். பையன் கடற்படையில் அதிகாரியாகச் சேரப் போனார், எடுத்துக்கொள்ளவில்லை. மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள் சட்டம் படித்துவிட்டு 1910-ல் தரைப்படையில் சேர்ந்தார்.

பிரபுக் குடும்பம் அவருடைய மனைவியுடையது. எலேனா ரொசெட்டி-சொலெஸ்கு, ருமேனியாவின் பழைய உயர்குடிப் பெண். 1912-ல் கல்யாணம். பவுலஸின் நடை உடையும் பிரபுவைப் போலத்தான்: உயரமான ஆள், எப்போதும் கசங்காத சீருடை, கையுறை. போர்க்களத்தில்கூடக் குளித்து உடை மாற்றாமல் இருக்க மாட்டார் என்று கூட இருந்த அதிகாரிகள் கிண்டலடிப்பார்களாம்.

3. அப்படிப்பட்டவர் எப்படி இவ்வளவு உயரத்துக்கு வந்தார்?

வரைபடமும் கணக்கும் அவரை மேலே கொண்டுவந்தன. முதல் உலகப் போரைக் கேப்டனாக முடித்தார். தோற்றுப்போன ஜெர்மனிக்கு ஒரு லட்சம் பேர் கொண்ட படைதான் அனுமதி. அதில் தக்கவைத்துக்கொள்ளப்பட்ட சில ஆயிரம் அதிகாரிகளில் இவரும் ஒருவர். முப்பதுகளில் டாங்கிப் படை உருவானபோது அதன் முன்னோடியான தளபதி குடேரியானின் கீழ் வேலை பார்த்தார். 1939-ல் போலந்து மீது பாய்ந்த பத்தாவது படைக்கு இவர்தான் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். தளபதி முடிவெடுப்பார், ஆள் எத்தனை, பெட்ரோல் எவ்வளவு, எந்தச் சாலையில் யார் போவது என்று அந்த முடிவை நடத்திக்காட்டுவது சீஃப் ஆஃப் ஸ்டாஃபின் பொறுப்பு. அந்தப் படைக்குத்தான் பிறகு ஆறாவது படை என்று பெயர் மாறியது. பெல்ஜியம், பிரான்ஸ் என்று போனதும் அதே படை.

1940 செப்டம்பரில் தரைப்படைத் தலைமையகத்தில், அதன் தலைமை அதிகாரி ஹால்டருக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். கையில் கொடுக்கப்பட்ட முதல் பெரிய வேலை, சோவியத் நாட்டின் மீது படையெடுக்கும் திட்டம். 'பார்பரோசா' என்று பெயர் வைக்கப்பட்டது அதற்குத்தான். அந்த டிசம்பரில் அதைக் காகிதத்தில் ஒத்திகை பார்த்தவர் பவுலஸ். இவ்வளவு தூரம் உள்ளே போனால் சரக்கு வந்து சேராது என்ற சிக்கல் ஒத்திகையிலேயே தெரிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 20-வது கேள்வியில் திரும்ப வரும்.

4. ரோம்மலும் இவரும் நண்பர்களா?

ஜெர்மன் தளபதி ரோம்மலோடு பழக்கம் உண்டு. இருபதுகளில் இருவரும் ஒரே காலாட்படை ரெஜிமென்டில், ஆளுக்கொரு கம்பெனிக்குப் பொறுப்பாக இருந்தார்கள். ஆனால் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. ரோம்மல் முதலில் பாய்ந்துவிட்டுப் பிறகு யோசிக்கும் ரகம். பவுலஸ் யோசித்துக்கொண்டே இருக்கும் ரகம்.

1941 ஏப்ரலில் வட ஆப்பிரிக்காவில் ரோம்மல் யார் பேச்சையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஹால்டர் அனுப்பியது பவுலஸைத்தான். பழைய சகா சொன்னால் கேட்பார் என்ற நம்பிக்கை. திரும்பி வந்து பவுலஸ் கொடுத்த அறிக்கையின் சாரம்: சரக்கு வழி சரியில்லாமல் இந்தப் படை தாங்காது.

5. களத்தில் பெரிய படையை நடத்தியே பழக்கமில்லாதவருக்கு எதற்கு ஆறாவது படையைக் கொடுத்தார்கள்?

நியாயமான கேள்வி. அதுவரை அவர் நேரடியாக நடத்தியதில் மிகப் பெரியது, சில நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியன்தான். பல்லாயிரம் பேர் கொண்ட கோர் இல்லை, அதற்குக் கீழே உள்ள டிவிஷன்கூட இல்லை. அங்கிருந்து நேராக லட்சக்கணக்கான பேர் கொண்ட படை.

ஆறாவது படையின் தளபதி வால்ட்டர் வான் ரைக்கனாவ், தெற்குப் படைத்தொகுதிக்கே தலைவரானார். தன் இடத்துக்குப் பழைய சீஃப் ஆஃப் ஸ்டாஃபையே கேட்டார். 1942 ஜனவரியில் பவுலஸ் பொறுப்பேற்றார். ரைக்கனாவ் மேலே இருந்து வழிநடத்துவார், பவுலஸ் கச்சிதமாகச் செய்துமுடிப்பார் என்பதுதான் கணக்கு. ஆனால் அதே மாதம் 17-ம் தேதி ரைக்கனாவ் பக்கவாதத்தில் இறந்துபோனார். ஆரம்பம் மோசமில்லை. மே மாதம் உக்ரைனில் கார்கிவ் அருகே சோவியத் படைகள் செய்த பெரிய தாக்குதலைத் தாங்கி, மற்றப் படைகளோடு சேர்ந்து அவர்களையே சுற்றி வளைத்தார். அதற்கு நைட்ஸ் கிராஸ் பதக்கம்கூடக் கிடைத்தது.

6. ஸ்டாலின் பெயர் இருந்ததால்தானே அந்த ஊரைப் பிடிக்கப் போனார்கள்?

முதலில் அதற்காக இல்லை. 1942 ஜூன் 28 அன்று தொடங்கிய படையெடுப்பின் உண்மையான இலக்கு காகசஸ் எண்ணெய் வயல்கள். வோல்கா வழியே போகும் எண்ணெயையும் சரக்கையும் தடுக்கவும், காகசஸுக்குப் போகும் படையின் பக்கவாட்டைக் காக்கவும் ஸ்டாலின்கிராட் தேவைப்பட்டது. ஜூலையில் ஹிட்லர் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் முடிக்கச் சொல்லிப் படையைப் பிரித்தார்.

பெயர் ஒரு வெறியாக மாறியது பிறகுதான். ஆகஸ்ட் 23-ல் ஜெர்மன் டாங்கிகள் நகரத்துக்கு வடக்கே வோல்காவைத் தொட்டன. அன்றே நகரம் விமானக் குண்டுகளில் தரைமட்டமானது. செப்டம்பரிலிருந்து வீடு வீடாக, தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சண்டை. சோவியத் தளபதி சுய்கோவின் 62-வது படை ஆற்றங்கரையில் சில நூறு மீட்டர் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தும் நகரவில்லை.

7. எப்படிச் சுற்றி வளைத்தார்கள்? யாரும் கவனிக்கவில்லையா?

ஆறாவது படையின் இரு பக்கமும் நீண்ட கோட்டைக் காத்தவை ருமேனியப் படைகள். டாங்கியைத் துளைக்கும் பீரங்கி அவர்களிடம் மிகக் குறைவு. பக்கவாட்டைப் பற்றிய கவலை பவுலஸுக்கு இருந்தது, மேலேயும் சொன்னார். சொல்லிவிட்டு நகரத்துக்குள் தாக்குவதைத் தொடர்ந்தார்.

நவம்பர் 19 அன்று வடமேற்கிலும் மறுநாள் தெற்கிலும் சோவியத் படைகள் ருமேனியர்களை உடைத்துக்கொண்டு வந்தன. 23-ம் தேதி டான் ஆற்றங்கரையில் கலாச் பக்கத்தில் இரண்டு கரங்களும் சேர்ந்தன. உள்ளே சிக்கியவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். சோவியத் தரப்பு தொண்ணூறாயிரம் பேர் இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தது!

8. விமானத்திலேயே சாப்பாடு போட முடியும் என்று எந்த அறிவாளி சொன்னது?

கோரிங். விமானப்படைத் தலைவர். ஒரு நாளைக்குக் குறைந்தது 500 டன் வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள். களத்திலிருந்த விமானப்படைத் தளபதி ரிக்தோஃபன், முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோரிங் முடியும் என்றார். ஹிட்லர் தனக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டார்.

உண்மையில் சராசரியாகப் போய்ச் சேர்ந்தது நாளைக்கு நூறு டன்னைச் சுற்றித்தான். பனி, மூடுபனி, விமான எதிர்ப்புப் பீரங்கி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சோவியத் டாங்கிகள், சரக்கு விமானங்கள் கிளம்பிய டாட்சின்ஸ்காயா விமானத்தளத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. ஜனவரி 16-ல் வளையத்துக்குள் இருந்த பிட்டோம்னிக் ஓடுதளம் பறிபோனது. அடுத்த வாரம் கும்ராக்கும் போனது. ஏறத்தாழ 500 விமானங்கள் வீணாயின. குதிரைகளை முன்பே தின்று தீர்த்திருந்தார்கள். கடைசியில் ஒரு சிப்பாய்க்கு நாளைக்கு 100 கிராம் ரொட்டிகூடக் கிடைக்கவில்லை.

9. சரி, விஷயத்துக்கு வருவோம். உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாமே? ஏன் வரவில்லை?

எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். 'முடியுமா, முடியாதா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. தேதி வைத்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் கடைசி வாரம்: வாய்ப்பு இருந்தது. வளையம் இன்னும் இறுகவில்லை, ஆட்களிடம் தெம்பு இருந்தது. பவுலஸே வெளியேற அனுமதி கேட்டார். ஹிட்லர் மறுத்தார். நவம்பர் 25-ல் அவருக்குக் கீழிருந்த கோர் தளபதி சைட்லிட்ஸ், உத்தரவை மீறியாவது வெளியேறுங்கள் என்று எழுத்திலேயே கொடுத்தார். பவுலஸ் மீறவில்லை. மேலே இருப்பவர்களுக்கு முழு நிலவரமும் தெரியும், எனக்குத் தெரிவது ஒரு மூலை மட்டும் என்பது அவருடைய வாதம். தலைமையகத்தில் வளர்ந்த ஆள் வேறெப்படி யோசிப்பார்?

டிசம்பர் நடுப்பகுதி: வளையத்தை உடைத்து மீட்க அனுப்பப்பட்ட ஜெர்மன் தளபதி ஹோத்தின் டாங்கிகள் 12-ம் தேதி தென்மேற்கிலிருந்து கிளம்பி, 19-ம் தேதி மிஷ்கோவா ஆற்றை எட்டின. வளையத்துக்கும் அவர்களுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஆறாவது படையின் டாங்கிகளில் இருந்த பெட்ரோல் முப்பது கிலோமீட்டருக்குத்தான் போதும். காயம்பட்டவர்களையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டு, பட்டினி ஆட்களைப் பனிவெளியில் நடத்திப் போக வேண்டும். பாதிப் பேராவது தப்பியிருப்பார்களா என்று நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தக் கேள்வியே இல்லை. ஹோத் பின்வாங்க வேண்டியதாயிற்று.

என் கணிப்பில் பவுலஸின் பெரிய தவறு டிசம்பரில் இல்லை, நவம்பர் 23-லிருந்து 25 வரையான மூன்று நாளில் இருக்கிறது. அப்போது மீறியிருந்தால் அவர் தலை போயிருக்கலாம். ஒரு படை பிழைத்திருக்கலாம்.

10. எல்லாம் ஷ்மிட் சொன்னபடிதான் நடந்தது, பவுலஸ் வெறும் பொம்மை என்கிறார்களே?

ஆர்தர் ஷ்மிட், பவுலஸின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். பிடிவாதக்காரர், வாய் நீளம், கடைசிவரை போராட வேண்டும் என்பவர். நன்றாகச் சரக்கு அனுப்பினால் ஈஸ்டர் வரைகூடத் தாங்குவோம் என்று டிசம்பரில், வெளியிலிருந்து மீட்பு முயற்சியை நடத்திய மேல் தளபதி மான்ஸ்டைன் அனுப்பிய அதிகாரியிடம் அவர் சொன்னதாக மான்ஸ்டைன் தரப்பில் எழுதியிருக்கிறார்கள். கடைசி நாட்களில் பவுலஸ் கட்டிலில் கிடக்க, ஷ்மிட்தான் எல்லாவற்றையும் பார்த்தார் என்பதும் உண்மை. பவுலஸுக்கு வயிற்றுப்போக்கு, முகத்தில் நிற்காத துடிப்பு.

ஆனாலும் பொம்மை என்று சொல்லித் தப்பவிட முடியாது. கையெழுத்து பவுலஸுடையது. ஷ்மிட் மீது முழுப் பழியையும் போடுவது, போருக்குப் பின் உயிரோடு மீண்ட பலருக்கும் வசதியாக இருந்த கதை.

11. ஜனவரியில் ரஷ்யர்கள் மரியாதையாகச் சரணடையச் சொன்னார்களாமே? அப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாமே?

ஜனவரி 8-ல் கெடு வந்தது. உணவு, மருத்துவம், அதிகாரிகள் வாளை வைத்துக்கொள்ளலாம், போர் முடிந்ததும் ஊருக்குப் போகலாம் என்றெல்லாம் இருந்தது. பவுலஸ் ஏற்கவில்லை. 10-ம் தேதி ஆயிரக்கணக்கான பீரங்கிகளோடு கடைசித் தாக்குதல் தொடங்கியது. 22-ம் தேதி வாக்கில் அவரே சரணடைய அனுமதி கேட்டார். மறுபடியும் மறுப்பு, மறுபடியும் கீழ்ப்படிதல்.

மறுத்ததற்கு ஒரு ராணுவக் காரணம் சொல்லப்படுவது உண்டு. ஆறாவது படை தாக்குப்பிடித்த வரைக்கும் ஏழு சோவியத் படைகள் அங்கே கட்டுண்டு கிடந்தன; அதற்குள் காகசஸில் இருந்த ஜெர்மன் படை தப்பிவிட்டது என்பார்கள். ஜனவரி முதல் பாதிவரை இதில் உண்மை உண்டு. கடைசிப் பத்து நாளுக்கு இது ஒட்டாது. அந்த நாட்களில் செத்தவர்கள் எந்தப் பயனும் இல்லாமல்தான் செத்தார்கள்.

12. பீல்டு மார்ஷல் பதவி பரிசா, இல்லை 'செத்துப்போ' என்பதற்கு வேறு பெயரா?

இரண்டாவதுதான். ஜெர்மன் பீல்டு மார்ஷல் யாரும் உயிரோடு எதிரியிடம் பிடிபட்டதில்லை என்பது அன்றைய பெருமைப் பேச்சு. ஜனவரி 30, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு நிறைவு நாள். அன்று வானொலியில் கோரிங், தெர்மாபிலியில் செத்த 300 கிரேக்க வீரர்களோடு ஸ்டாலின்கிராடை ஒப்பிட்டுப் பேசினார். உயிரோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிப்பாய்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பவுலஸுக்குப் பதவி வந்தது அந்த நாளில்தான். தற்கொலைக்கு அழைப்பு என்பது அவருக்குப் புரிந்தது. அந்த 'போஹீமியக் கார்ப்பொரலுக்காக' (ஹிட்லருக்கு வைத்த கேலிப் பெயர்) சுட்டுக்கொள்ளும் உத்தேசமில்லை என்று சொன்னதாக உடனிருந்த தளபதி ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பவுலஸ் உயிரோடு பிடிபட்ட செய்தி கேட்டு ஹிட்லர் கொதித்தார். இந்தப் போரில் இனி யாரையும் பீல்டு மார்ஷல் ஆக்கப்போவதில்லை என்றார். பிப்ரவரி 1-ம் தேதியிட்டே மூன்று பேருக்கு அந்தப் பதவி போனது என்பது வேறு கதை. ஜெர்மன் மக்களுக்கோ, ஆறாவது படை கடைசி மூச்சுவரை போராடி மடிந்ததாக அறிவித்தார்கள். கைதிகள் இருக்கிறார்கள் என்ற பேச்சே இல்லை.

13. அப்படியென்றால் அவர் சரணடைந்தாரா, பிடிபட்டாரா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

அவரே குழப்பிவைத்த விஷயம் இது. கடைசித் தலைமையகம் நகர நடுவில் உனிவெர்மாக் பல்பொருள் அங்காடியின் நிலவறை. ஜனவரி 31 காலை சோவியத் அதிகாரிகள் வந்தபோது பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் ஷ்மிட்டும், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ரோஸ்கே என்ற தளபதியும். பவுலஸ் பக்கத்து அறையில் இருந்தார். தான் சரணடையவில்லை, எதிர்பாராமல் பிடிபட்டுவிட்டதாகவே சொன்னார். வடக்கே தனி வளையத்தில் ஜெர்மன் தளபதி ஸ்ட்ரெக்கரின் ஆட்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, கைதியான தளபதிக்கு உத்தரவு போடும் அதிகாரமில்லை என்று மறுத்தார். அவர்கள் பிப்ரவரி 2-ல் சரணடைந்தார்கள்.

சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. நேர்மையா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரணடைந்த பெயரும் வரக்கூடாது, சாகவும் கூடாது என்று நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்துக்கொண்டார்.

14. ஸ்டாலின் தன் மகனை விட்டுக்கொடுத்தாரே தவிர பவுலஸை விடவில்லையாமே? நிஜமா?

பாதி நிஜம். ஸ்டாலினின் மூத்த மகன் யாக்கோவ் 1941 ஜூலையிலேயே ஜெர்மானியரிடம் பிடிபட்டிருந்தார். ஜெர்மானியர் தங்கள் கைதி ஒருவருக்கு மாற்றாக யாக்கோவைத் தருவதாகச் சொன்னதையும் ஸ்டாலின் மறுத்ததையும் ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா எழுதியிருக்கிறார். 'மார்ஷலைக் கொடுத்து லெப்டினன்டை வாங்க மாட்டேன்' என்ற வசனம், சொல்லிச் சொல்லி மெருகேறியது. யாக்கோவ் 1943 ஏப்ரலில் சாக்ஸன்ஹாவ்ஸன் முகாமில் இறந்தார்.

15. பிடிபட்ட சிப்பாய்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

சுமார் 91,000 பேர் பிடிபட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் ஐந்தாயிரம், ஆறாயிரம். கடைசியாக வந்தவர்கள் 1955-ல் வந்தார்கள்.

சோவியத் முகாம்களின் கொடுமை மட்டும் இதற்குக் காரணமில்லை. 8-வது கேள்வியில் பார்த்தபடி, பிடிபடும்போதே அவர்கள் பாதி உயிர். டைபஸ் காய்ச்சல் வளையத்துக்குள்ளேயே பரவியிருந்தது. முதல் சில மாதங்களிலேயே பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஜனவரி முழுவதும் இழுத்தடித்ததற்கு அவர்கள் கொடுத்த விலை இது. தளபதிகளுக்கு அந்தக் கதி வரவில்லை; தனி முகாம், தனிச் சாப்பாடு.

16. ஹிட்லருக்கு அவ்வளவு பணிந்தவர் எப்படி ரஷ்யர்கள் பக்கம் பேச ஆரம்பித்தார்?

உடனே நடக்கவில்லை. ஒன்றரை வருடம் மறுத்தார். 1943 ஜூலையில் கைதிகளையும் ஜெர்மன் கம்யூனிஸ்டுகளையும் வைத்து 'சுதந்திர ஜெர்மனி தேசியக் குழு'வும், செப்டம்பரில் 'ஜெர்மன் அதிகாரிகள் சங்க'மும் தொடங்கப்பட்டன. சங்கத்துக்குத் தலைவர் நம் சைட்லிட்ஸ். பவுலஸ் சேர மறுத்ததோடு, அது துரோகம் என்றே முதலில் கருதினார்.

1944-ல் மூன்று விஷயம் ஒன்றாக வந்தன. கிழக்கில் ஜெர்மன் முனை இடிந்து விழுந்தது. ஜூலை 20-ல் ஹிட்லரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதில் மாட்டித் தூக்கில் தொங்கியவர்களில் பீல்டு மார்ஷல் விட்ஸ்லேபன் போன்ற அவருக்குத் தெரிந்தவர்களும் உண்டு. விட்ஸ்லேபன் தூக்கிலிடப்பட்ட அதே ஆகஸ்ட் 8-ல், ஹிட்லரைக் கைவிடும்படி ஜெர்மானியருக்குப் பவுலஸ் வேண்டுகோள் விடுத்தார்.

17. அவர் குடும்பத்தை ஹிட்லர் சும்மா விட்டாரா?

விடவில்லை. உறவுக்காரர் செய்ததற்கு வீட்டாரைத் தண்டிக்கும் முறை அங்கே சட்டம்போலவே நடந்தது. கணவர் பெயரை விட்டுவிடு, விட்டுவிடுகிறோம் என்று எலேனாவிடம் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. போர் முடியும்வரை காவலில் இருந்தார். போலந்தின் மீதும் ரஷ்யாவின் மீதும் படையெடுப்பது அநியாயம் என்று கணவர் முகத்துக்கு நேரே சொன்ன பெண்மணி அவர். வீட்டில் தைரியசாலி யார் என்று கேட்டால் நான் எலேனாவைத்தான் சொல்வேன்.

மகள் ஒருத்தி, இரட்டை மகன்கள். மகன்களில் ஃபிரீட்ரிக் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்ஸியோவில் போரில் இறந்தார். எலேனா 1949-ல் பாடன்-பாடனில் காலமானார். 1942-க்குப் பிறகு கணவனும் மனைவியும் சந்திக்கவே இல்லை.

18. நூரம்பர்க்கில் பவுலஸ் வந்ததும் எல்லோரும் அதிர்ந்துபோனார்களாமே, அங்கே என்ன நடந்தது?

சோவியத் தரப்பு முதலில் பவுலஸின் எழுத்து வாக்குமூலத்தைக் கொடுத்தது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் பார்க்கலாம் என்றது எதிர்த்தரப்பு. சோவியத் தலைமை வழக்கறிஞர் ருடென்கோ 1946 பிப்ரவரி 11-ல் ஆளையே கூண்டில் ஏற்றிவிட்டார். சோவியத் நாட்டின் மீதான போர் தற்காப்பு இல்லை, 1940-லேயே போட்ட திட்டம் என்று பவுலஸ் சொன்னார். 3-வது கேள்வியில் பார்த்த வேலைதான். குற்றவாளிகளில் யார் இதற்கு முக்கியப் பொறுப்பு என்றதும் ஹிட்லரின் ராணுவத் தலைமையகத்தில் இருந்த கைட்டல், யோடல், அப்புறம் கோரிங் என்று மூன்று பெயர் சொன்னார்.

வெளியே பத்திரிகையாளர் ஒருவர் ஸ்டாலின்கிராட் கைதிகளைப் பற்றிக் கேட்டபோது, நலமாக இருக்கிறார்கள் என்று தாய்மார்களிடமும் மனைவிமாரிடமும் சொல்லுங்கள் என்றாராம். அந்த 91,000 பேரில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

19. ரைக்கனாவின் கொலைகார உத்தரவை இவர் ரத்து செய்தார், அதனால் நல்ல ஜெர்மானியர் என்கிறார்களே?

யூதர்களைக் கொல்வதைச் சிப்பாய்கள் 'புரிந்துகொள்ள வேண்டும்' என்ற தொனியில் 1941 அக்டோபரில் ரைக்கனாவ் போட்ட உத்தரவு அது. அதற்கு முந்தின மாதம்தான், ஆறாவது படை பிடித்திருந்த கீவில், பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பொறுப்பேற்றதும் பவுலஸ் அந்த உத்தரவை விலக்கிக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதை வைத்து நல்லவர் பட்டம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஸ்டாலின்கிராட் மக்களை வீட்டிலிருந்து விரட்டியதும் இதே படை. வளையத்துக்குள் ஜெர்மானியர் அடைத்து வைத்திருந்த சோவியத் கைதிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டு, பெரும்பாலோர் பட்டினியால் செத்தார்கள். அதுவும் பவுலஸின் பொறுப்பில் இருந்த இடம்தான்.

20. பார்பரோசா திட்டத்தைப் போட்டவரே இவர். பிறகு ஏன் குற்றவாளிக் கூண்டில் நிற்காமல் சாட்சிக் கூண்டில் நின்றார்?

சோவியத் தரப்புக்கு அவர் சாட்சியாகத்தான் அதிகம் பயன்பட்டார், அவ்வளவுதான். அவரோடு ஒரே மேசையில் அதே திட்டத்தில் உழைத்த ஆட்கள் தூக்கில் தொங்கினார்கள். கூண்டில் இருந்தவர்களின் வக்கீல்களும் இதைத்தான் குத்திக் காட்டினார்கள்: நீயும்தானே இதில் இருந்தாய்? ஒத்துழைத்தவர்களுக்கெல்லாம் இந்தச் சலுகை கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. சைட்லிட்ஸுக்கு 1950-ல் சோவியத் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்து, 25 வருடச் சிறையாக்கி, 1955-ல் விட்டது. எதற்கும் மசியாத ஷ்மிட்டும் அதே 1955-ல்தான் வீடு திரும்பினார்.

21. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்டாகவே மாறிவிட்டாரா?

ஸ்டாலின் இறந்த பிறகு, 1953 அக்டோபரில், டிரெஸ்டனில் ஒரு வீடு கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அதிகாரிகளுக்கு ஸ்டாலின்கிராட் பற்றி விரிவுரை நடத்தினார். 1954-ல் பெர்லினில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மேற்கு ஜெர்மனி மறுபடி ஆயுதம் ஏந்துவதைக் கண்டித்தார். அரசு ரகசியப் போலீஸ் அவரை விடாமல் கண்காணித்தது. மனசுக்குள் எந்தக் கட்சி என்று யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. இருக்கும் இடத்தின் மேலதிகாரிக்குப் பணிவது அவருக்குப் பழகிய வேலை என்பேன்.

நரம்புகளைத் தின்று தசையை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் 1957 பிப்ரவரி 1 அன்று இறந்தார். பாடன்-பாடனில் எலேனாவின் பக்கத்தில் அடக்கம்.

22. மான்ஸ்டைன் வெளியேறச் சொன்னாராம், பவுலஸ்தான் கேட்கவில்லையாம். யார் சொல்வது உண்மை?

டிசம்பர் 19 அன்று மான்ஸ்டைன் அனுப்பிய செய்தியில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று, ஹோத்தை நோக்கி வழி திறக்கும் தாக்குதலுக்குத் தயாராகு. இரண்டு, நகரத்தை விட்டு மொத்தமாக வெளியேறும் 'இடிமுழக்கம்' திட்டம். ஆனால் அதற்குத் தனியாகக் குறிச்சொல் வரும், வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அந்தக் குறிச்சொல் வரவே இல்லை. ஹிட்லர் அனுமதிக்காமல் அதைக் கொடுக்க மான்ஸ்டைனும் துணியவில்லை. பவுலஸ் மீற வேண்டும் என்று மான்ஸ்டைன் எதிர்பார்த்தார், மான்ஸ்டைன் சொல்ல வேண்டும் என்று பவுலஸ் காத்திருந்தார். பெட்ரோல் கணக்கை 9-வது கேள்வியில் பார்த்துவிட்டோம். அது இருவருக்கும் தெரியும்.

காகிதச் சான்றை வைத்துப் பார்த்தால் இந்த ஒரு விஷயத்தில் பவுலஸ் பக்கம்தான் பலம் அதிகம். ஆனால் மான்ஸ்டைன் தன் நினைவுகளை 1955-லேயே புத்தகமாக்கிவிட்டார். உலகம் முதலில் படித்தது அதைத்தான். பவுலஸின் குறிப்புகள் அவர் இறந்தபின், 1960-ல்தான் மகன் எர்ன்ஸ்டின் முயற்சியில் அச்சேறின.